ஊமத்தம்பூக் குழாய்

அக்கா தலையாட்டி நான் பார்த்ததே இல்லை.

தலையாட்டாமல் ஒரு நாளை ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று முயற்சி செய்து பார்த்தால்தான் தெரியும். டாக்டர் சீட்டில் கிறுக்கிக்கொண்டே எதையோ முணுமுணுப்பார், தலையாட்டுவோம். பேங்க்கில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் படபடவென்று கன்னடத்தில் ஏதோ சொல்வாள், அதற்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து பக்கத்தில் நிற்பவரிடம், "இன்னா சொன்னாங்க?" என்று கேட்போம். அக்கா அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். கழுத்து அசையாது. "புரியலை. மறுபடி சொல்லுங்க" என்பாள். மறுபடி சொல்லியும் புரியாவிட்டால் மறுபடியும் கேட்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவது அவளுக்கும் கேட்கும். கேட்டுக்கொண்டே நிற்பாள்.

குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி தங்கச் சுரங்க ஊரில் நந்திதுர்க் பக்கம் ஒரு லைன் வீட்டுக்கு நான் வந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும் அவள் அப்பா நைனாவும் இருந்தார்கள். லைன் வீடு என்றால் ஒரே கூரை, வரிசையாக வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். அங்கே இருமினால் இங்கிருந்து தண்ணீர் கொண்டுபோகலாம். முதல் நாள் காலையில் கொல்லைப்பக்கம் போன நான் அலறிவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் தலையில்லாத ஒரு ஆள் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. அக்கா ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பயந்துட்டியா? கடையில துணி மாட்டுற பொம்மைம்மா அது. எங்க பட்டறையில செய்றோம். ஓட்டை வுழுந்தத வேணாம்னு போட்டாங்க, நான் எடுத்தாந்துட்டேன். சட்டை காயப்போட இத்தவிட நல்லதா இன்னா கெடைக்கும், சொல்லு?"

பெங்களூரில் ஃபைபர் சாமான் செய்யும் பட்டறை ஒன்றில் அவளுக்கு வேலை. துணிக்கடைப் பொம்மை, பார்க்கில் குழந்தைகள் சறுக்கும் பலகை, குப்பைத்தொட்டி எல்லாம் அங்கே செய்வார்கள். விடியலில் ரயிலேறினால் இருட்டியபின் திரும்புவாள். ஊரில் பாதிப்பேரின் பிழைப்பு அப்படித்தான். நாற்பது வயதை ஒட்டியிருந்தாள். கல்யாணமாகிப் போய், கொஞ்ச வருஷத்தில் தனியாகத் திரும்பி வந்தவள். ஏன் என்று லைனில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பழகியபிறகு நானே ஒருதரம் கேட்டேன்.

"அந்த வீட்ல நான் பேசுனது யாருக்கும் கேக்கலை" என்றாள்.

நிஜமாகவே காது கேட்காதவர் அவள் நைனா. லைனில் எல்லோருக்குமே அவர் நைனாதான். சுரங்கத்தில் கீழ் லெவலில் டிரில் மிஷின் பிடித்தவர். பாறையைக் குடைகிற அந்த மிஷின் பெரும்பாலானவர்களின் காதைக் கொண்டுபோயிருந்தது. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது மாதிரி கேட்கும் என்று அக்கா சொல்வாள். ஆனால் நைனா அதை ஒப்புக்கொள்ளமாட்டார். எதிரில் இருப்பவர் வாய் அசைந்தால் இவர் தலை அசையும். சிரிக்கிற இடம் வந்தால் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பார்.

அவருக்கு இருமல் கூடியபோது துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சின்னவயது டாக்டர். மேஜையைப் பார்த்தபடியே எந்த மருந்து எப்போது என்று சொல்லிக்கொண்டே போனார். நைனா ஒவ்வொன்றுக்கும் அழகாகத் தலையாட்டினார்.

"டாக்டர், அவருக்கு காது கேக்காது" என்றாள் அக்கா.

"தலையாட்டினாரே?"

"அவரு எல்லாத்துக்கும் ஆட்டுவாரு. காலை வெட்டணும்னு சொல்லிப் பாருங்க, அதுக்கும் ஆட்டுவாரு. மூஞ்ச இந்தப் பக்கம் திருப்பி, மெதுவா, மறுபடி சொல்லுங்க."

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. இருந்தாலும் நாற்காலியைத் திருப்பி, நைனாவின் முகத்துக்கு நேராக ஒவ்வொன்றாகச் சொன்னார். நைனா கவனமாகக் கேட்டுவிட்டு, "டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பும் வழியெல்லாம் மகளோடு அவர் பேசவில்லை. ஆட்டோவில் என் பக்கம் குனிந்து, அவருக்கு ரகசியம் என்று தோன்றிய குரலில், டிரைவருக்கும் கேட்கும்படி, "மானத்த வாங்கிட்டாம்மா" என்றார்.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்ப்பது எப்போதும் சுகமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். அக்காவோடு வெளியே போனால் எங்கேயாவது ஒரு இடத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டிவரும். "அவகூட ரொம்ப சேராத, உனக்கும் தொத்திக்கும்" என்பார் என் வீட்டுக்காரர்.

குழாய் கதை ஒரு கூட்டத்தில் ஆரம்பித்தது.

நாங்கள் குடியிருந்த வீடுகள் யாருடைய சொந்தமும் இல்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் வேலைக்காரர்களுக்கு விட்டது. சுரங்கம் மூடியபிறகும் ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள், கூரை மாற்றினார்கள், பிள்ளை பெற்றார்கள். வீடு நம் பேருக்கு வருமா வராதா என்பதுதான் ஊரின் ஓயாத பேச்சு. அதற்காகக் குடியிருப்போர் சங்கம் ஒன்று இருந்தது. அவ்வப்போது மைதானத்தில் கூட்டம் போடுவார்கள். கம்பத்தில் நான்கு பக்கமும் தகரக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, தலைவர்கள் பேசுவார்கள். முன்வரிசை நாற்காலிகளில் பெரியவர்கள், நைனா மாதிரி பழைய டிரில்காரர்கள்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வரும்போது அக்கா கேட்டாள். "இன்னா நைனா பேசினாங்க?"

"நல்லாதான் பேசினாங்க."

"இன்னா பேசினாங்க?"

"வீட்ட பத்திதான்."

"வீட்ட பத்தி இன்னா?"

நைனா நின்றார். அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் வந்த இன்னொரு பெரியவரைப் பார்த்தார். அவரும் கையை விரித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கைதட்டிவிட்டு வந்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு வாக்கியம் தெரியவில்லை.

அக்கா அப்படியே திரும்பி மைதானத்துக்குப் போனாள். மைக்செட்காரர் கம்பத்திலிருந்து வயரை இறக்கிக்கொண்டிருந்தார். ஆண்டர்சன்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். கல்யாணம், திருவிழா, சாவு என்று ஊரில் எது நடந்தாலும் அவர் குழாய்தான்.

"அண்ணே, உங்க செட்டு பெருசுங்களுக்கு கேக்கலை."

"சவுண்டு பத்தலையா? அடுத்த தடவ ஏத்தி வெக்கறேன்."

"ஏத்தாதீங்க. ஏத்த ஏத்த இரைச்சல்தான் ஏறுது. பேச்சு ஏறலை. 'க'வும் 'த'வும் 'ப'வும் ஒண்ணா கொழகொழன்னு கேக்குது."

"இத்தன வருசமா யாரும் சொல்லலையே?"

"யாருக்கும் கேக்கலை, அதான் சொல்லலை."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. காலடியில் கிடந்த பழைய யூனிட் ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தார். யூனிட் என்றால் குழாயின் அடியில் திருகியிருக்கும் கனமான உருண்டை. சத்தம் பிறப்பது அதற்குள்தான். "அவ்ளோ தெரிஞ்சா எடுத்துக்கினு போய் நீயே செஞ்சிக்கம்மா" என்றார். விரட்டுவதற்காகச் சொன்னது. அக்கா அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து ரயிலில் போகும்போதும் வரும்போதும் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். எங்கெங்கோ தேசத்தில் வீட்டிலேயே ஸ்பீக்கர் குழாய் செய்கிறவர்கள் போடும் வீடியோ. இங்கிலீஷ் வேகமாக ஓடும். நிறுத்துவாள், பின்னால் தள்ளுவாள், மறுபடி பார்ப்பாள். அதே பெட்டியில் வரும் ஒரு இன்ஜினியர் பெண், இங்கே பெரிய மிஷின் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருப்பவள், முதலில் வேடிக்கை பார்த்தாள், பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். குழாயின் வளைவைக் கணக்குப் போட்டு, நிஜ அளவில் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தது அந்தப் பெண்தான். அக்கா அவளையும் மூன்று நாள் தூங்கவிடவில்லை. அந்த வளைவு ஏன் அப்படிப் போகிறது என்று தனக்குப் புரிந்தபிறகுதான் காகிதத்தைக் கையில் வாங்கினாள்.

புரிந்ததை என்னிடம் சொன்னாள். "யூனிட்டோட வாய் காசு அளவுதான் இருக்கு. அதுலேர்ந்து வர்ற சத்தத்த சடார்னு வெட்டவெளியில வுட்டா, நேரா ஒரே பக்கம் ஓடும், இல்ல செதறும். கையப் புடிச்சி வெளிய கூட்டிக்கினு வர்ற மாதிரி வரணும். சுவரு கொஞ்சம் கொஞ்சமா விரியணும். நடுவுல உக்காந்தவனுக்கும் ஓரத்துல உக்காந்தவனுக்கும் ஒரே பேச்சு போவணும். கடைசியில உதடு பின்னால மடங்கணும். வெட்டுன மாதிரி நின்னுட்டா சத்தம் அங்க முட்டிக்கினு உள்ளயே திரும்பிடும்."

"தகரக் குழாயும் விரிஞ்சிதானக்கா இருக்கு?"

"அது கூடவே தானும் பாடுது. பேசறவன் ஒருத்தன், பாடுறது தகரம். நம்ம குழாய் வாயே தொறக்கக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லையில் வேலை நடந்தது. அந்தக் காகிதத்தைத் தகட்டில் ஒட்டி, வளைவை வெட்டி எடுத்தாள். ஒரு இரும்புக் கம்பியைக் குறுக்காக இரண்டு மரக்கட்டைமேல் படுக்கவைத்து, அதில் சாக்கைச் சுற்றி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து அப்பினாள். நான் கம்பியைச் சுற்றுவேன். அவள் தகட்டை ஒரே இடத்தில் அசையாமல் பிடித்திருப்பாள். அதிகமாக இருக்கும் பிளாஸ்டரைத் தகடு வழித்துக்கொண்டே வரும். சுற்றச் சுற்ற, குழாயின் உள்வடிவம் வெள்ளைவெளேரென்று எழுந்து வந்தது. அது காய்ந்ததும் மெழுகு தேய்த்து, ஃபைபர் துணியை அடுக்கடுக்காக வைத்து, ரெசின் என்கிற பிசினைப் பூசினாள். அந்த நெடியில் லைனே மூக்கைப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று திட்டினாள். "ஆமா, நாறுது" என்று அக்கா ஒப்புக்கொண்டாள். பூசுவதை நிறுத்தவில்லை.

முதல் குழாய் பானைக்குள் தலையைவிட்டுப் பேசுவது மாதிரி இருந்தது. அக்கா விரலை உள்ளேவிட்டுத் தடவிப் பார்த்தாள். தொண்டையில், யூனிட்டும் குழாயும் சேரும் இடத்தில், நகக்கனத்துக்கு ஒரு படி இருந்தது. "இங்கதான் தடுக்கி வுழுது" என்றாள். அதை உடைத்துப் போட்டுவிட்டு இரண்டாவதை ஆரம்பித்தாள். இந்த முறை தொண்டையை அரம் வைத்துக் கண்ணாடி மாதிரி இழைத்தாள். வெளிப்புறம் மணலும் ரெசினும் கலந்து கனமாகப் பூசினாள். விரல் மடக்கித் தட்டினால் 'டங்' என்று அதிராமல் கல்லைத் தட்டுவது மாதிரி இருந்தது. உதடு பின்னால் மடங்கி, ஏதோ ராட்சச ஊமத்தம்பூ மாதிரி அது நின்றது. லைனில் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. "அக்கா, பூ பூத்திச்சா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள்.

ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், ஆட்டோவிலிருந்து கழற்றிய பேட்டரி, அடிக்குரலுக்கு ஒரு சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர், அதன் தலையில் இந்தக் குழாய். எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, நைனாவைத் தெருமுனைத் தண்ணீர்க் குழாயடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். நான் வீட்டுக்குள்ளிருந்து மைக்கில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லவேண்டும். பட்டு, தட்டு, கட்டு. படி, தடி, கடி. காதில் விழுவதை நைனா திருப்பிச் சொல்லவேண்டும்.

"பட்டு" என்றேன்.

நைனா தலையாட்டினார்.

"தலையாட்டாத நைனா! இன்னா கேட்டுச்சோ அத்த சொல்லு."

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

"இன்னா கேட்டுச்சு?"

தெருவே வாசலில் வந்து நின்றிருந்தது. நைனா சுற்றிலும் பார்த்தார். எழுந்து நாற்காலியைக் காலால் தள்ளினார். "நான் செவுடன்னு ஊருக்கே தமுக்கடிக்கிறியா? உங்கம்மாகூட என்ன இப்டி கேட்டதில்ல!" என்று கத்திவிட்டு, ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் நடந்தார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா வாசலில் ஊமத்தம்பூ பக்கத்தில் நின்றாள். அவள் போய்ச் சமாதானம் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நாற்காலியை நிமிர்த்தி அதே இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று அவள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. வயதான மனுஷர் காலம் பூராவும் கஷ்டப்பட்டுக் கட்டிக் காத்த ஒன்றை நடுத்தெருவில் அவிழ்க்கிறாளே என்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் மகளும் பேசாமல் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. தட்டுச் சத்தம் மட்டும்.

நாற்காலி குழாயடியிலேயே கிடந்தது. அக்கா அதை எடுக்கவுமில்லை, நைனாவைக் கூப்பிடவுமில்லை. அடுத்த ஞாயிறு மதியம் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நைனா வந்தார். நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். வீட்டைப் பார்த்து, "இன்னா, ஆரம்பிக்க மாட்டீங்களா?" என்று அதட்டினார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கிடம் ஓடினேன். "தடி" என்றேன்.

"படி" என்றார். அவர் தவறாகச் சொன்னதைக் கேட்டு அக்கா முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். அவர் தலையாட்டவில்லையே! பிறகு குழாயை ஒரு சாண் உயர்த்தினாள், வாயைக் கொஞ்சம் கீழே சாய்த்தாள், ஆம்ப்ளிஃபையரில் கீழ்ச்சத்தத்தைக் குறைத்தாள். பொழுது சாய்வதற்குள் நைனா பத்துக்கு எட்டுச் சொல்லைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். குழாயடியில் இன்னும் இரண்டு பழைய டிரில்காரர்கள் தங்கள் நாற்காலியோடு வந்து சேர்ந்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அதிகாரிகள் வருகிறார்கள் என்று சங்கத்துக்குத் தகவல் வந்தது. வீட்டு விஷயமாக ஒரு திட்டம், மைதானத்தில் வைத்து வாசித்துக் காட்டுவார்கள், ஜனங்கள் சம்மதம் சொல்லவேண்டும். வீடு கைக்கு வந்துவிட்டது என்றே ஊர் பேசிக்கொண்டது. ஒருவீட்டில் கேசரிகூடக் கிண்டினார்கள்.

அக்கா சங்கத் தலைவரிடம் போய், தன் குழாயை வைக்கவேண்டும் என்றாள்.

"இன்னாத்துக்கும்மா? செட்டு சொல்லியாச்சே."

"அது இருக்கட்டும். பெருசுங்க உக்கார்ற பக்கம் நான் ஒண்ணு வெச்சிக்கறேன்."

"ஆபீசருங்க தப்பா நெனச்சிக்குவாங்க."

"ஜனங்களுக்கு கேட்டா தப்பா நெனைக்கிற ஆபீசரா வர்றாரு?"

தலைவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அக்கா கூட்டத்தன்று வேலைக்கு லீவு போட்டாள்.

காற்று சில்லென்று வீசிய காலை. மேடையில் மைக்செட்காரரின் மைக் பக்கத்திலேயே அக்கா தன் மைக்கையும் ரப்பர் போட்டுக் கட்டிவிட்டாள். வந்த அதிகாரி அதை டிவிக்காரர்கள் மைக் என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தகரக் குழாய்கள் கம்பத்தில். ஊமத்தம்பூ கீழே, ஒரு ஸ்டூலின்மேல், பெரியவர்களைப் பார்த்து.

அதிகாரியின் ஆள் திட்டத்தைத் தமிழில் வாசித்தார். நல்ல நல்ல வார்த்தையாகத்தான் ஆரம்பித்தது. நான் பின்னால் பெண்களோடு நின்றிருந்தேன். எங்கள் தலைக்குமேல் தகரக் குழாய் முழங்கியது. ஒரு குழாய் சொன்னதை இன்னொன்று சற்றுத் தாமதமாகத் திருப்பிச் சொன்னது. 'வீடு' என்பதும் 'உரிமை' என்பதும் மட்டும் அவ்வப்போது மிதந்து வந்தன. வாசித்து முடித்து, சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். பின்னாலிருந்த நாங்கள் எல்லோரும் தூக்கினோம். காது நன்றாகக் கேட்கிற நாங்கள்.

முன்னால் பெரியவர்கள் வரிசையில் ஒரு கைகூட எழவில்லை.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து, "நடுவுல சாவின்னு ஒண்ணு படிச்சீங்களே, அது இன்னா சார்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் மராமத்துக்காக. வழக்கமா எழுதுற வரிதான்."

"சாவிய குடுத்துட்டு நாங்க எங்க போறது?"

"அதுக்கு அப்புறம் ஏற்பாடு பண்ணுவாங்க. உக்காருங்க பெரியவரே."

இன்னொருவர் எழுந்தார். பின்னாலிருந்த நாங்கள், "இன்னாவாம்? இன்னா சாவி?" என்று முண்டியடித்தோம். அதிகாரி மைக்செட்காரரைப் பார்த்துக் கையசைத்தார். தகரக் குழாய்கள் சட்டென்று அடங்கின. கூட்டம் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் அக்கா மேடையேறி, ரப்பரை அவிழ்த்து, தன் மைக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளுடைய பேட்டரி, அவளுடைய குழாய். அதை அணைக்க யார் கையிலும் சுவிட்சு இல்லை. வயர் தரையில் இழுபட்டு வந்தது. அதை யாரும் மிதித்துவிடாமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார் ஒருவர். மைக்செட்காரர்.

அக்கா ஊமத்தம்பூவை எங்கள் பக்கம் திருப்பினாள். மைக்கை நைனாவிடம் நீட்டினாள்.

அவர் அதுவரை நாலு பேர் நடுவில் பேசியவர் இல்லை. வாங்கியதும் வாயோடு ஒட்டிவைத்துக் கத்தினார்; குழாய் வீறிட்டது. அக்கா அவர் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளிவைத்தாள்.

"எனக்கு காது கேக்காது சார்" என்றார் நைனா. மைதானம் முழுக்க ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுந்தது. "கீழ லெவல்ல மிஷின் புடிச்சி போன காது. இம்மா வருசமா யாரு இன்னா பேசினாலும் தலையாட்டிக்கினு இருந்தேன். வெக்கம் சார். இன்னிக்கு நீங்க படிச்சது எனக்கு கேட்டுச்சு. வீட்ட காலி பண்ணி சாவிய குடுக்கணும்னு படிச்சீங்க. எப்ப திருப்பித் தருவீங்கன்னு படிக்கலை. நான் ஒத்துக்க மாட்டேன்."

மைக்கை மகளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் இன்னும் தூக்கியபடியே இருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. என்னுடையதும்.

அந்தத் திட்டம் அன்றோடு நின்றது. மறுபடி பரிசீலிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் ஒரு போலீஸ்காரர் வந்து, அனுமதி இல்லாத ஒலிபெருக்கி என்று குழாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அக்கா பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போனாள். அப்புறம் வா என்றார்கள். எப்போது என்று கேட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்சநேரத்தில் நைனாவும் ஊன்றுகோலோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் லைனில் பாதிப்பேர் அந்த வாசலில் நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை, சும்மா நின்றார்கள். குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உதட்டில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. அக்கா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை ஒட்டினாள்.

அதற்குப் பிறகு நைனாவைப் பிடிக்க முடியவில்லை. தலையாட்டுவதை அடியோடு விட்டுவிட்டார். குழம்பில் புளி ஜாஸ்தி என்பார். என்னிடம், "வாய்க்குள்ளயே பேசாத, தெறந்து பேசு" என்பார். அக்கா ஏதாவது சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினால் தெருமுனைவரை பின்னால் போய், "புரியலை, மறுபடி சொல்லு" என்பார். "சாக்குப்பா, போதும், ரயிலு போயிடும்!" என்று கத்திக்கொண்டே அவள் ஓடுவாள். எனக்கு அவளைப் பார்க்க அப்படியொரு திருப்தி.

பிறகு நாங்கள் பெங்களூரில் கே.ஆர்.புரத்துக்குக் குடிவந்துவிட்டோம். நைனா போய்விட்டார் என்று போன் வந்தது ஒரு மழைக்காலத்தில். காரியத்துக்குப் போயிருந்தேன். லைன் அப்படியே இருந்தது. பத்திரமும் வரவில்லை, சாவியும் போகவில்லை. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ஒரு பெரியம்மா அக்காவிடம், "அவருக்காகத்தான அந்தக் குழாய் செஞ்ச. இனிமே இன்னாத்துக்கு? யாருக்காச்சும் குடுத்துடு" என்றாள்.

அக்கா எச்சில் இலைகளை எடுத்துப் போட்டாள், அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாள். எல்லோரும் போனபின் புடவையை மாற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நானும் போனேன். கம்பியில் புதிதாக ஒரு பிளாஸ்டர் வடிவம், மெழுகு பூசி, பளபளவென்று காத்துக்கொண்டிருந்தது. நைனா படுத்திருந்த கடைசி நாட்களில் அவர் கண்ணெதிரேயே அதைச் செய்தாளாம். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி அவர் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவள் டப்பாவில் ரெசினை ஊற்றிக் கலக்க ஆரம்பித்தாள்.

அப்போது முன்வாசலில் ஸ்கூட்டர் நின்றது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி வீட்டுக்குள் நுழைந்து கொல்லைவரை வந்துவிட்டார். திட்டம் வாசிக்க வந்த அதிகாரியின் அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்ட ஆள். நல்ல மனுஷர்தான், சாவு வீடு என்று தெரிந்ததும் சங்கடப்பட்டார்.

"சொல்லுங்க" என்றாள் அக்கா, கலக்கிக்கொண்டே.

"அடுத்த மாசம் மறுபடி கூட்டம் வெக்கறாங்கம்மா. புதுத் திட்டம். எங்க ஆபீஸ்லேர்ந்தே செட்டு கொண்டாந்துடுவோம். அதனால, அந்தக் குழாய் வேணாம்னு சார் சொல்லச் சொன்னாரு."

அக்கா பிரஷை ரெசினில் தோய்த்தாள். முதல் ஃபைபர் துணியை வெள்ளை வடிவத்தின்மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினாள்.

"பெருசுங்க உக்கார்ற பக்கத்துக்கு ஒண்ணு இருக்கு" என்றாள். "போன தடவ பின்னால பொம்பளைங்க நின்ன பக்கம் ஒண்ணும் கேக்கலை. அதுக்குத்தான் இது. சார்கிட்ட சொல்லுங்க, ரெண்டு வருதுன்னு."

அவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கலக்கிய ரெசின் யாருக்காகவும் காத்திருக்காது. அது இறுகிப்போவதற்குள் அடுத்த துணியை வைக்கவேண்டும். என்னிடம் கையை நீட்டினாள். கத்தரித்து வைத்திருந்த துணியை எடுத்துக் கொடுத்தேன்.